சேர்வராயன் மலை உச்சிக்கு நாயோடு நடப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டில் செவலை என்றொரு நாட்டு நாய் இருக்கிறாள். வயது 6, எடை 18 கிலோ. கன்னி என்ற நம் ஊர் வேட்டைநாய் இனத்தின் கலப்பு அவளுடைய நீண்ட கால்களிலும் ஒடுங்கிய முகத்திலும் தெரியும். நான்கு ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது அவளை அழைத்துக்கொண்டு சேர்வராயன் மலை உச்சிக்கு நடந்து வருகிறேன். அக்கம்பக்கத்தாரும், அலுவலக நண்பர்களும், கால்நடை மருத்துவரின் வாசலில் காத்திருந்தபோது அறிமுகமானவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு விடை நீளமாக இருக்கும். நாய்களும் மனிதர்களும் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

எந்த உச்சி? எவ்வளவு தூரம்? ஏற்றம் கடினமா?

சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டைத்தான் உச்சி என்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,620 மீட்டர் உயரம். ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டால் ஒரு வழிக்குச் சுமார் 6 கி.மீ. வரும். ஏரியை விட உச்சி இருநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. நின்று நிதானமாகப் போனால் ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பாதையின் பெரும்பகுதி தார்ச்சாலைதான். இருபுறமும் காபித் தோட்டம், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி. மேலே போகப் போக மரங்கள் குறைந்து மண் செங்கல் நிறத்துக்கு மாறும். அது பாக்சைட் மண். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு நெடுங்காலம் இந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டிக்கொண்டு போனார்கள். உச்சி கூம்பாக இருக்காது. காற்று தடையில்லாமல் வீசும் பரந்த வெளியாக விரியும். முதல் முறை அங்கே போய் நின்றபோது செவலை மூக்கை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் இருந்தாள். அந்தக் காற்றில் அவளுக்கு என்னென்ன வந்து சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்துதான் இந்த நடை எங்களுக்கு வழக்கமானது.

காட்டுக்குள் செங்குத்தாக ஏறினால்தான் மலையேற்றம் என்று நினைப்பவர்களுக்கு இது போதாமல் இருக்கலாம். நாயோடு போக இதுவே சரியான பாதை என்பது என் எண்ணம். எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், தேவைப்பட்டால் வண்டியைப் பக்கத்திலேயே வரவழைக்கலாம், வழியில் மனிதர்கள் இருப்பார்கள்.

அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் காட்டு வழியாக ஏறலாமா?

அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. சேலத்தைப் பார்த்த சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டதில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு காட்டுப் பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் திறக்கப்பட்டன. முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். சேலம் மாவட்டமும் அதில் உண்டு.

நாயை அழைத்து வரலாமா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். காவலர் இல்லாத நேரம் பார்த்து நுழைவது வேண்டவே வேண்டாம். பிப்ரவரி முதல் மே வரை சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். தீ பிடித்தால் மேல்நோக்கித்தான் விரைந்து ஏறும், அப்போது நாயை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் ஓட முடியாது.

உச்சியில் பரந்த வெளி இருக்கிறதே, அங்கேயாவது செயினைக் கழற்றி விடலாமா?

கூடாது. என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். நானே ஒரு முறை கழற்றி விட்டேன், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது ஆண்டு, நவம்பர் மாதக் காலை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தோட்டத்து ஓரம், இருபதடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். ஆள் நடமாட்டம் இல்லை என்று நம்பிச் செயினைக் கழற்றினேன். செவலை மகிழ்ச்சியாக மூட்டத்துக்குள் ஓடினாள். அரை நிமிடத்தில் ஓயாத குரைப்பு கேட்டது. பிறகு மண் அதிர்வது காலில் தெரிந்தது. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அவள் என்னை நோக்கி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு காட்டெருமை வந்தது. எனக்கு இடப்பக்கம் தோட்டத்துக் கல்சுவர் ஒன்று இருந்ததால் அதைத் தாண்டி விழுந்தேன். அது பத்தடி தூரத்தில் நின்று மூச்சை உறுமலாக விட்டு, சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பியது.

காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இனமல்ல. காட்டு மாடு என்பதே பொருத்தமான பெயர். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை இருக்கும். சேர்வராயன் மலையில் தோட்டங்களுக்குள்ளும் சாலை ஓரங்களிலும் அவை மேய்வதைப் பார்க்கலாம். மனிதர்களைக் கண்டால் பெரும்பாலும் அவையே ஒதுங்கிப் போகும். நாயைக் கண்டால் அப்படி இல்லை. அவற்றின் கன்றுகளை வேட்டையாடும் செந்நாய்க்கும் நம் வீட்டு நாய்க்கும் அவை வேறுபாடு பார்ப்பதில்லை. நாய் குரைக்கும், மாடு துரத்தும், பயந்த நாய் தன் ஆளிடம்தான் ஓடி வரும். அவிழ்த்து விட்ட நாய் ஆபத்தை நம் காலடிக்கே இழுத்து வந்துவிடுகிறது.

அன்று சாலைக்கு வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. கடைக்கார அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் கிளப்பிவிட்ட மாடு இங்கேதான் நிற்கும். எங்கள் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்." அதுவரை செயின் என்பது என் நாய்க்கும் எனக்கும் இடையிலான விஷயம் என்றே நினைத்திருந்தேன். அந்த மலையில் வாழ்கிற மக்களுக்கும், மேய்கிற ஆடுகளுக்கும், காட்டு மாட்டுக்கும் நான் கொடுக்கும் உறுதிமொழி அது என்பது அன்று புரிந்தது. அதற்குப் பிறகு வண்டியிலிருந்து இறங்கியது முதல் மீண்டும் வண்டி ஏறும் வரை செயின் என் கையில்தான் இருக்கிறது.

காட்டெருமை எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?

தொலைவில் கண்டால் நின்றுவிடுங்கள். செயினைச் சுருட்டி நாயை உங்கள் காலோடு அணைத்துப் பிடித்து, குரைக்க விடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம். கல் எறிவதும் கைதட்டுவதும் படம் எடுக்க நெருங்குவதும் அதைச் சீண்டுகிற செயல்கள். கன்றோடு இருந்தால் தூரத்தை இன்னும் கூட்டுங்கள்.

மேலே இவ்வளவு சொன்ன நானே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: அது உண்மையிலேயே பாய்ந்து வந்துவிட்டால் செயினை விட்டுவிடுங்கள். உங்கள் உயிர் முதலில். மரத்துக்கோ சுவருக்கோ வண்டிக்கோ பின்னால் போய்விடுங்கள். நாய் நம்மை விட வேகமாக ஓடும், கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் இருவருமே மாட்டிக்கொள்வோம். இதற்காகத்தான் செயினின் பிடியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளக் கூடாது என்கிறேன். உள்ளங்கையில் மடித்துப் பிடித்தால் போதும்.

எங்கள் நாய் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும். பிறகும் கட்ட வேண்டுமா?

வேண்டும். வீட்டு வாசலில் கேட்கிற பேச்சை முயல் ஓடும்போது எந்த நாயும் கேட்பதில்லை. நம் ஊர் இனங்களில் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ஓடும் பொருள் கண்ணில் பட்டுவிட்டால் அவற்றின் காது அடைத்துக்கொள்கிறது. அது நாயின் குற்றம் இல்லை.

வழியில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் வளர்க்கும் ஆடும் கோழியும் சாலையிலேயே திரியும். நம் நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் சினை ஆடு பள்ளத்தில் விழுந்தால் போயிற்று. பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அடுத்த முறை அந்த ஊர் வழியாக நாயோடு போகிறவர் எந்த முகத்தோடு போவார்?

கழுத்துப் பெல்ட் போதுமா, ஹார்னஸ் வேண்டுமா?

ஹார்னஸ் வாங்குங்கள். மார்பையும் தோளையும் சுற்றி வரும் வகை. ஏற்றத்தில் நாய் இழுக்கும்போது கழுத்துப் பெல்ட் மூச்சுக்குழாயை அழுத்தும். ஒடுங்கிய தலையுள்ள நாய் பின்னோக்கி இழுத்தால் பெல்ட் தலை வழியாக நழுவிவிடும். கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். செவலை குரங்கைக் கண்டு ஒரு முறை அப்படித்தான் நழுவினாள். ஹார்னஸிலேயே முதுகுப் பக்கம் ஒரு கைப்பிடி இருந்தால் வழுக்குப் பாறையில் தூக்கிவிடவும், அவசரத்தில் அருகே பிடித்து வைக்கவும் உதவும்.

செயின் என்று பேச்சில் சொன்னாலும் இரும்புச் சங்கிலி வேண்டாம், கையை அறுக்கும். நைலான் பட்டை நல்லது. ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் நீளம் போதும். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வகையை மலைக்குக் கொண்டுவர வேண்டாம். வளைவில் வண்டி வரும்போது ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் நாயைச் சட்டென்று இழுக்க முடியாது. கழுத்தில் பெயரும் உங்கள் கைப்பேசி எண்ணும் பொறித்த வில்லை ஒன்று எப்போதும் தொங்கட்டும்.

எல்லா நாய்களும் ஏறலாமா?

இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளையும், பெரிய இனமாக இருந்தால் ஒன்றரை வயது வரையிலும், இவ்வளவு தூரம் நடத்த வேண்டாம். எலும்பின் வளர்ச்சி முனைகள் அதுவரை மூடியிருக்காது. பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களால் மூச்சிரைத்து உடலைச் சரிவரக் குளிர்விக்க முடியாது. அவற்றை வண்டியில் உச்சிவரை கூட்டிப் போய் அரை மணி நேரம் காலாற நடத்துங்கள், அதுவே அவற்றுக்குத் திருவிழாதான். சினை நாய், மூட்டு வலி உள்ள வயதான நாய், அண்மையில் நோயிலிருந்து எழுந்த நாய் ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன்.

மற்ற நாய்களைப் பழக்க வேண்டும். வாரம் முழுவதும் மாடியில் படுத்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை 12 கி.மீ. நடந்தால் நமக்கு வலிப்பது போல அதற்கும் வலிக்கும். சொல்லத்தான் தெரியாது. ஒரு மாதம் காலையில் 3 கி.மீ., 5 கி.மீ. என்று கூட்டிக்கொண்டே போங்கள். தடுப்பூசிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர், அவற்றோடு எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசிகள் எதுவும் தவறியிருக்கக் கூடாது. டிஸ்டெம்பர் நாயிடமிருந்து நரி போன்ற காட்டு விலங்குகளுக்கும் பரவக்கூடியது. ஊசி போடாத நாயை மலைக்குக் கொண்டுபோவது காட்டுக்கும் செய்கிற கெடுதல்.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிக நல்லது. பனிமூட்டம் மட்டும் இருக்கும், நாயின் கழுத்தில் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் 40 டிகிரி அடிக்கும்போது மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கோடையில் பிற்பகல் இடிமழை வரும். உச்சியில் ஒதுங்க மரமில்லாத வெளியில் மின்னலுக்கு நாமே உயர்ந்த பொருளாக நிற்போம். வானம் கறுத்தால் உடனே இறங்குங்கள்.

மே மாதத்தில் வேறு இரண்டும் உண்டு: சேர்வராயன் கோயில் திருவிழா, அரசு நடத்தும் கோடை விழா. கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடப்பது உண்டு, ஆசைப்பட்டால் அதற்கு அழைத்துப் போங்கள். அந்த நாட்களில் உச்சிக்கு மட்டும் வேண்டாம். கூட்டமும் மேளமும் வெடியும் எந்த நாய்க்கும் பொறுக்காது.

விடிந்ததும், ஆறரை மணி வாக்கில் நடக்கத் தொடங்கி, பத்தரைக்குள் கீழே வந்துவிடுவது என் வழக்கம். அதிகாலை இருட்டில் தோட்டங்களை ஒட்டி நடப்பது தவறு. அது மாடுகளின் நேரம்.

சேலத்திலிருந்து மேலே நாயை எப்படிக் கொண்டுபோவது?

சொந்த வண்டியோ வாடகை வண்டியோதான் வசதி. அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி நாய்கள் ஐந்தாவது வளைவிலேயே எச்சில் வடிக்கத் தொடங்கும், பத்தாவதில் வாந்தி எடுக்கும். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து சோறு போடாதீர்கள். மெதுவாக ஓட்டுங்கள், நடுவில் ஒரு முறை நிறுத்துங்கள். ஹார்னஸை இருக்கைப் பெல்ட்டோடு இணைத்துவிட்டால் வளைவுகளில் நாய் உருளாது.

மலைப்பாதையில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், நாயை இறக்கவும் வேண்டாம். தாய்க் குரங்கின் பல் நாயின் முகத்தைக் கிழித்துவிடும்.

வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் முதல் வகுப்பு ஏசி பெட்டியில் கூபே எனப்படும் தனி அறை ஒன்றை முழுவதுமாக எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரயிலின் கார்டு (guard) இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க் கூண்டுதான். அந்தக் கூண்டில் நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

வண்டியில் நாயை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சுற்றப் போகாதீர்கள். ஏற்காடு குளிர்ந்த ஊர்தானே என்று நினைக்கலாம். வெளியே 24 டிகிரிதான் என்றாலும் வெயிலில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிடும்.

தண்ணீர், சாப்பாடு எவ்வளவு?

சும்மா இருக்கும் நாளிலேயே ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். செவலைக்கு அது ஒரு லிட்டர். மலை நாளில் அவளுக்கென்று மட்டும் ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை ஒரு கிண்ணம். தேங்கிய குட்டைகளில் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அப்படிப்பட்ட நீரில்தான் இருக்கும், தோட்டத்துப் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம்.

நடக்கும்போது வயிறு முட்டக் கொடுக்காமல் உச்சியில் ஒரு அவித்த முட்டை, இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் கழித்துத் தயிர்ச்சோறு. நம் சாப்பாட்டுப் பொட்டலத்தில் உள்ள வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு.

இந்த மலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: காபிப் பழம். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காபி நட்டது முதல் இந்த மலையின் வாழ்வே அதுதான். அறுவடைக் காலத்தில் சிவந்த பழங்கள் பாதையில் உதிர்ந்து கிடக்கும், களங்களில் கொட்டை காயும். பழம் இனிப்பாக இருப்பதால் நாய் பொறுக்கித் தின்னும். காபியில் உள்ள காஃபின் நாய்க்கு நஞ்சு. பதற்றம், வாந்தி, படபடக்கும் நெஞ்சு, நடுக்கம் ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். செயின் குட்டையாக இருந்தால் தரையில் கிடப்பது வாய்க்குப் போவதைத் தடுக்கலாம். மலையோரங்களில் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும் கூட நாயைக் கொன்றிருக்கின்றன. அவுட்டுக்காய் என்பது தின்பண்டத்துக்குள் மறைத்த வெடி. கீழே கிடக்கும் உருண்டை எதையும் நாய் முகர நெருங்கவே விடாதீர்கள்.

வெயில் தாக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்?

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. மூச்சிரைப்பதே அதன் குளிர்விக்கும் வழி. இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும், 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாக மாறுவது, எச்சில் கெட்டியாகக் கயிறு போல் தொங்குவது, நடை தள்ளாடுவது, கூப்பிட்டால் கண் திரும்பாதது ஆகியவை வரிசையாக வரும். முதல் அறிகுறியிலேயே நிழலில் படுக்க வைத்து வயிறு, தொடை இடுக்கு, பாதம் எங்கும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள்.  நாய் தேறினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தார்ச்சாலை சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையை ஏழு விநாடி தரையில் வையுங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

பாம்பு கடித்தால்?

நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் போடுவது எதுவும் வேண்டாம். வண்டியில் ஏறியவுடன் சேலத்தில் உள்ள உங்கள் மருத்துவரை அழைத்து, விஷமுறிவு மருந்து இருப்பில் உண்டா என்று கேட்டபடியே இறங்குங்கள். இல்லையென்று சொன்னால் அடுத்தவரை அழைக்கலாம், வழியில் அந்த நேரம் மிச்சம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசின் கால்நடை ஊர்தி உதவி எண் 1962. இந்த எண்களை வீட்டிலேயே கைப்பேசியில் பதிந்து வையுங்கள், மலையில் சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது.

கோயிலுக்குள் நாயை அழைத்துப் போகலாமா?

கூடாது. சேர்வராயனும் காவேரியம்மனும் ஒரு குகைக்குள் எழுந்தருளியிருக்கிறார்கள். தலை குனிந்து போக வேண்டிய தாழ்ந்த, ஒடுங்கிய வழி. மலையாளி மக்களின் குலதெய்வம் வாழும் இடம் அது. இரண்டு பேராகப் போய் ஒருவர் நாயோடு தள்ளி நிற்க, மற்றவர் கும்பிட்டு வாருங்கள். தனியாகப் போகிற நாட்களில் நான் வெளியிலிருந்தே கைகூப்பிவிட்டு வருகிறேன். பூசைப் பொருட்கள் விற்கும் கடைகளுக்கு முன்னாலும் நாயை நிறுத்தாதீர்கள். பயப்படும் குழந்தைகள் எதிரே வந்தால் நீங்கள் ஓரமாக ஒதுங்கி நாயை உட்கார வைத்து அவர்களுக்கு வழி விடுங்கள். "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே நெருங்குவது பயந்தவருக்கு ஆறுதல் தராது.

ஊர் நாய்கள் சூழ்ந்துகொண்டால்?

அது அவற்றின் தெரு. நின்று வாக்குவாதம் செய்யாமல் செயினைத் தளர்வாக, குட்டையாகப் பிடித்தபடி ஒரே வேகத்தில் கடந்துவிடுங்கள். செயினை விறைப்பாக இழுத்தால் உங்கள் பதற்றம் உங்கள் நாய்க்குப் போய்ச் சேரும். கையில் ஒரு குடை இருந்தால் நடுவில் விரித்துப் பிடிக்கலாம், அடிக்க அதை ஓங்க வேண்டாம். உங்களை ஏதாவது நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மலைதானே, கழிவை அள்ள வேண்டுமா?

அள்ள வேண்டும். பாதையில் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்து வருபவர்கள் இருக்கிறார்கள். பழைய செய்தித்தாளில் எடுத்து மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.

கூடாரம் அடித்து உச்சியில் இரவு தங்கலாமா?

வேண்டாம். இரவில் நாய் குரைப்பது காட்டு விலங்கை அழைப்பதற்குச் சமம். ஏற்காட்டில் நாயை அனுமதிக்கும் தங்கும் விடுதிகள் சில இருக்கின்றன. முன்பே தொலைபேசியில் கேட்டு, நாயின் எடையையும் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உண்ணி பார்க்க வேண்டும். காது மடலுக்குள், விரல் இடுக்குகளில், அக்குளில், வாலடியில், ஹார்னஸ் அழுத்திய இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். மிளகு போலத் தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீயால் சுடுவதும் கூடாது. உண்ணிக் காய்ச்சல் வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதனால் மூன்று வாரத்துக்குச் சோர்வு, காய்ச்சல், மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பு ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் மலைக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பிறகு பாதங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து வெடிப்போ முள்ளோ இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம். செவலை எண்ணெய் வாசனையில் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவள் தூங்கிய பிறகுதான் நான் தடவுகிறேன். அவளும் தூக்கத்திலேயே கால்களை அசைத்துக்கொண்டிருப்பாள்.